தாம்பரத்திலிருந்து பவளத்திட்டுக்கு: எந்த மாதம், எந்தக் கடல்?

பவளப்பாறை வளர இளஞ்சூடான, தெளிந்த, ஆழம் குறைந்த நீர் வேண்டும். பவள உயிரிக்குள் வாழும் நுண்பாசி சூரிய ஒளியில் உணவு தயாரித்து அதற்கு ஊட்டுகிறது. நீர் கலங்கினால் ஒளி இறங்காது. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியே தாம்பரத்தார் எளிதில் சென்றடையும் கோவளத்தில் அலைச்சறுக்கு உண்டு. 2021-இல் நீலக்கொடிச் சான்றும் பெற்ற கடற்கரை அது. ஆனால் அடியில் மணல், மேலே ஓயாத அலை. முட்டுக்காட்டில் இருப்பது கழிமுகப் படகுச் சவாரி. புதுச்சேரியில் பாறைத்திட்டுகள் ஆழத்தில் கிடப்பதால் ஸ்கூபாதான் வழி. மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் அணிந்து மேற்பரப்பில் மிதந்தபடியே பவளம் பார்க்கும் அரைநாள் ஸ்நார்க்கலிங் பயணத்துக்கு, தென்சென்னைப் புறநகரினர் முக்கியமாக எண்ணிப் பார்க்க வேண்டியவை அந்தமான், ராமேசுவரம், திருகோணமலை ஆகிய மூன்றும். லட்சத்தீவின் நீர் மிகத் தெளிவானது. ஆனால் அனுமதி பெற்று, பெரும்பாலும் கொச்சி வழியாகச் செல்ல வேண்டும் என்பதால் குறுகிய விடுமுறைக்கு ஒத்துவராது.

கட்டணத்தை ஒப்பிடுவதற்கு முன் காற்றைப் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் அந்தமானை எட்டிவிடும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் அங்கே கடல் அமைதியாக இருக்கும். கச்சான் எனப்படும் அதே காற்று ராமேசுவரத்தை ஒட்டிய மன்னார் வளைகுடாவையும் கொந்தளிக்க வைக்கும். இலங்கையின் கிழக்குக் கரையான திருகோணமலைக்கோ அந்தக் காற்று நிலத்தைக் கடந்தே வருவதால், மே முதல் செப்டம்பர் வரை நீர் தெளிந்து கிடக்கும். அரையாண்டு விடுமுறைக்கு அந்தமான், மே விடுமுறைக்குத் திருகோணமலை என்பதே சரியான தேர்வு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எந்தப் பக்கமும் முன்பணம் கட்டாமல் இருப்பது நல்லது.

அந்தமானுக்குத் திரிசூலம் விமான நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரம் சொச்சம் விமானப் பயணம். போர்ட் பிளேர் துறையிலிருந்து படகில் போகும் நார்த் பே அருகிலேயே இருக்கிறது; கூட்டமும் அங்கேதான் அதிகம். அரைநாள் பயணத்துக்குப் பொருத்தமானது வண்டூரிலிருந்து கிளம்பும் ஜாலி பாய் தீவு. 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் அது வருவதால் முன்னனுமதி தேவை. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இடமில்லை. மழைமாதங்களில் ஜாலி பாயை மூடி, ரெட் ஸ்கின் தீவைத் திறக்கிறார்கள். கூடுதலாக ஒரு நாள் இருந்தால் ஹேவ்லாக்கின் எலிஃபன்ட் பீச்சுக்குப் போகலாம். கரையிலிருந்தே ஆழம் குறைவு என்பதால் முதன்முறை இறங்குவோருக்கு ஏற்றது. ஹேவ்லாக்குக்குச் செல்லும் விரைவுப் படகுகளில் பல கட்டமரான் வகை. இரட்டை அடிப்பகுதியும் அகலமான தளமும் கொண்டிருப்பதால் இவை பக்கவாட்டில் குறைவாகவே சாயும். ஆனாலும் கடல் ஒவ்வாமை உள்ளவர்கள் மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

மிகக் குறைந்த செலவு ராமேசுவரத்துக்குத்தான். புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட 2025 ஏப்ரல் 6 அன்று தாம்பரம்–ராமேசுவரம் ரயிலும் தொடங்கிவைக்கப்பட்டது. மாலையில் தாம்பரத்தில் ஏறினால் மறுநாள் அதிகாலை இறங்கலாம். தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதியில்லாமல் தீவில் கால்வைக்க முடியாது. குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. நினைத்த இடத்தில் கடலில் குதிக்கும் பயணமல்ல இது. கடற்பசுவும் கடல்புல்லும் வாழும் சொந்தக் கடலைக் குழந்தைகளுக்குக் காட்ட விரும்புவோருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

திருகோணமலைக்குக் கடவுச்சீட்டும் பயண அனுமதியும் வேண்டும். கொழும்பு அல்லது யாழ்ப்பாணம் வரை விமானம், அதன்பின் நீண்ட சாலைப் பயணம். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் உள்ள புறாத்தீவு 2003-இல் தேசியப் பூங்காவானது. ஆழமற்ற நீரில் கருந்துடுப்புச் சுறாக்கள் சுற்றும். அவற்றை நெருங்காமலும் தொடாமலும் இருந்தால் பொதுவாக ஆபத்தில்லை.

ஸ்கூபாவா, ஸ்நார்க்கலிங்கா என்று தயங்குவோர் திரும்பும் விமானத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். ஸ்கூபா முடித்தபின் குறைந்தது 12 முதல் 18 மணி நேரம் பறக்கக் கூடாது. ஸ்நார்க்கலிங்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நீச்சல் தெரியாதவர்களும் லைஃப் ஜாக்கெட்டுடன், வழிகாட்டியின் துணையோடு இறங்கலாம்.

எங்கே இறங்கினாலும் பவளத்தின் மேல் காலூன்றாதீர்கள். பாறைபோல் திரண்ட பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது.