எண்ணிக்கைக்காக ஒரு 'டி'

சோழிங்கநல்லூரில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் 11 வருடம் இருந்தேன். அதில் 6 வருடம் டீம் லீட். என் டீமில் 12 பேர். அப்ரைசல் சமயத்தில் மேனேஜரும் ஹெச்.ஆரும் கூடி, 2 பேருக்கு 'ஏ' கிரேடு, ஒருவருக்குக் கட்டாயம் கடைசி கிரேடான 'டி' என்று முடிவு செய்வார்கள். பெல் கர்வ் அப்படித்தான் கேட்கும். பன்னிரண்டு பேரும் நன்றாக உழைத்திருந்தாலும் ஒருவர் கீழே போயாக வேண்டும்.

ஒரு வருடம் அந்த 'டி', வேறு ப்ராஜெக்ட்டிலிருந்து ஜனவரியில் வந்த ஒரு பெண்ணுக்குப் போனது. இரவு இரண்டு மணிக்கு ப்ரொடக்‌ஷன் விழுந்தால் முதலில் லாகின் செய்பவர் அவர்தான். ஆனால் புதிதாக வந்தவர், அவருக்காகப் பேச ஆளில்லை. நானும் பேசவில்லை. மீட்டிங் ரூமில் உட்கார வைத்து, "உங்களுக்கு இன்னும் விசிபிலிட்டி வேணும்" என்றேன்.

"அண்ணா, எந்த வேலையில குறை வச்சேன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

என்னிடம் பதில் இல்லை. இரண்டு மாதத்தில் பேப்பர் போட்டுவிட்டார்.

அவர் போனதைவிட, அதன் பிறகு நடந்ததுதான் என்னை உலுக்கியது. முன்பெல்லாம் பில்டு உடைந்தால் நாலு பேர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வருவார்கள். அது நின்றது. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு படி ஏறினால் நாம் ஒரு படி இறங்குவோம் என்று தெரிந்த பின் யார் சொல்லிக் கொடுப்பார்கள்? கோடு ரிவ்யூவில் வெறும் 'ஓகே' மட்டும் வந்தது. சின்ன விஷயத்துக்கும் மேனேஜரை சிசியில் போட்டு மெயில் பறந்தது. யாரும் சோம்பேறி ஆகிவிடவில்லை. தங்களைக் காத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இப்படிக் கட்டாயமாகத் தரம் பிரிப்பது, ஜெனரல் எலெக்ட்ரிக்கின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் பரப்பிய முறை: மேலே 20 சதவீதம், நடுவில் 70, அடியில் 10. மைக்ரோசாஃப்ட் இதே போன்ற தரவரிசையைப் பல வருடம் வைத்திருந்து 2013 நவம்பரில் கைவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனமே விட்டது என்றால், ஒரு டீமுக்குள் இது என்ன செய்யும் என்று நான் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை.

முறையை மாற்றும் அதிகாரம் என்னிடம் இல்லை. ஆனால் அடுத்த வருடத்திலிருந்து வாரம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் 20 நிமிடம் தனியாகப் பேசி, செய்ததை அவர்கள் எதிரிலேயே எழுதி வைத்தேன். அந்தக் குறிப்போடு அப்ரைசல் கூட்டத்துக்குப் போனபோது, 'டி' என்று ஒரு பெயரைச் சொல்ல மேனேஜரே தயங்கினார். எல்லா வருடமும் ஜெயிக்கவில்லை. தோற்ற வருடம், "இது உங்க வேலைக்கான கிரேடு இல்ல, எண்ணிக்கைக்காக வந்தது, உங்களுக்காகப் பேசினேன், முடியல" என்று நேராகச் சொன்னேன். கோபப்பட்டார்கள். ஆனால் என்னிடம் பேசுவதை நிறுத்தவில்லை.

லீடாக இல்லாதவர்களுக்கும் ஒன்று: வெள்ளிக்கிழமை மாலை கிளம்பும் முன், அந்த வாரம் எதைச் சரி செய்தீர்கள், அதனால் யாருக்கு வேலை சுலபமானது என்று ஐந்து வரி எழுதி வையுங்கள். அப்ரைசலுக்காக மார்ச்சில் உட்கார்ந்து யோசித்தால் ஜூலையில் செய்தது ஞாபகத்துக்கு வராது.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண்ணுக்கு போன் செய்து, உங்களிடம் குறையே இருக்கவில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அவரிடமிருந்து பேச்சே வரவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணா" என்றார்.