முருங்கைக்காட்டைச் சுற்றி உயிர்வேலி போடுவது எப்படி?

முருங்கையில் பூ கொட்டினால் பலரும் முதலில் போவது மருந்துக்கடைக்குத்தான். அதற்கு முன் காலை நேரத்தில் காட்டுக்குள் போய், பூவில் தேனீயும் வண்டும் மொய்க்கின்றனவா என்று பாருங்கள். காய் நன்றாகப் பிடிக்கத் தேனீ வேண்டும். மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டும் வேண்டும். முருங்கை பூக்காத மாதங்களில் இவற்றுக்கு இரையும் இருப்பிடமும் கொடுத்துவந்தது வேலிதான்.

மூலனூர், வெள்ளகோவில், காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல் இருக்கும். காங்கேயம் மாடும் ஆடும் மேய்வதற்காக நம் பெரியவர்கள் வகுத்த அமைப்பு இது. காடு சைட்டாகவும் கம்பெனியாகவும் மாறும்போது ஜேசிபி முதலில் இழுத்துப்போடுவது இந்த வேலியைத்தான். பிறகு கல்லுக்காலும் கம்பியும் வருகின்றன. கம்பி ஆட்டைத் தடுக்கும். தேனீக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. 2015இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' போன்ற முயற்சிகளால் மரம் நட இங்கே ஆள் சேர்ந்துவிட்டது. அதே அக்கறை இனி வேலிக்கும் வரவேண்டும் என்பது என் கருத்து.

முதலில் கிளுவை. இதற்கு நாற்று தேவையில்லை, போத்து போதும். கோடையில் இலை உதிர்ந்து நிற்கும் பழைய வேலியிலிருந்து, கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத குச்சிகளை மூன்று, நான்கு அடி நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் வேலி கழிப்பவர்களிடம் கேட்டாலே கிடைக்கும். வெட்டிய அன்றே நடவேண்டாம். நிழலில் சில நாள் கிடத்தினால் வெட்டுவாயில் கசியும் பிசின் காய்ந்துவிடும், அழுகல் குறையும். கோடை மழை பெய்த ஈரத்தில் கடப்பாரையால் ஓரடிக் குழி போட்டு, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி ஊன்றி, மண்ணை நன்றாக மிதித்துவிடுங்கள். அரை அடிக்கு ஒரு போத்து என்று நெருக்கமாக நட்டால்தான் அடைப்பாக வரும். தினமும் தண்ணீர் விட்டால் கிளுவை அழுகும். துளிர்த்ததும் ஆடு கடிக்காமல் முதல் வருஷம் முள்ளு வெட்டி அணைத்து வையுங்கள்.

வேலியின் வெளிப்பக்கம் ஆவாரை. பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்ட இதைத் தேடி எங்கெங்கோ அலைகிறோம், வேலியோரத்திலேயே வளர்க்கலாம். விதைத்தோல் கெட்டியானது. வெந்நீர் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து, மழைக்கு முன் விதையுங்கள். பூத்தபின் ஒரு நாள் கிட்டே நின்று பாருங்கள். ஆவாரம்பூவின் மகரந்தப் பை நுனியில் சிறு துளைதான் இருக்கும். கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து, உடம்பை அதிரவிட்டு ரீங்கரிக்கும். அந்த அதிர்வில் மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டும். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதனால் தேனுக்கு வேறு செடி வேண்டும்.

அதற்கு நொச்சி. பள்ளத்தோரம், வாய்க்கால் கரை, தொட்டி வழியும் இடம் என்று ஈரம் நிற்கும் பக்கமாகப் பார்த்து நடுங்கள். முற்றிய குச்சியை முக்கால் அடிக்கு வெட்டிப் பையில் வைத்தாலே வேர் பிடிக்கும். ஊதாப் பூங்கொத்துகளில் தேனீ விடாமல் வரும். தும்பை தானாக முளைத்தால் களை என்று பிடுங்கிவிடாதீர்கள். உண்ணிச்செடியையும் சீமைக்கருவேலத்தையும் மட்டும் வேலிக்குள் விடவேண்டாம், மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.

தண்ணீரைக் கவனியுங்கள். சாயக்கழிவு பல வருஷம் ஓடிய நொய்யல் கரையிலும் ஒரத்துப்பாளையம் பக்கமும் கிணற்றுநீர் உப்பேறியது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை போனது. உங்கள் போர் தண்ணீர் கரித்தால் நாற்றுப் பைக்கு ஊற்றாதீர்கள். மழைநீர் பிடித்துவைத்து ஊற்றுங்கள். மில், பனியன் கம்பெனி காம்பவுண்டு ஓரம் நடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

செடி மட்டும் போதாது, கூடும் வேண்டும். கருவண்டு துளைக்கக் காய்ந்த கட்டை ஒன்றிரண்டை வேலியில் செருகி வையுங்கள். கொம்புத்தேனீ புதருக்குள் கிளையிலேயே ஒற்றை அடை கட்டும்; கண்ணில் பட்டால் கலைக்காதீர்கள். மண்ணில் வளை தோண்டும் தேனீக்களும் உண்டு என்பதால், வேலியடியில் கொஞ்சம் இடத்தை உழாமல், களைக்கொல்லி அடிக்காமல் விடுங்கள். முருங்கை பூவில் நிற்கும்போது இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்து வேண்டவே வேண்டாம். தவிர்க்கவே முடியாமல் ஏதாவது அடிப்பதானால், தேனீ கூடு திரும்பிய பிறகு, பொழுது சாய்ந்தபின் அடியுங்கள்.

வேலி கழிப்பதையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். இந்த வருஷம் கிழக்கும் தெற்கும், அடுத்த வருஷம் மற்ற இரண்டு பக்கம் என்று மாற்றிக் கழித்தால் எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் பூ இருக்கும். கழித்த கிளுவைக் குச்சிகளில் நல்லதாகப் பொறுக்கி, போத்து பட்டுப்போய்ச் சந்து விழுந்த இடங்களில் ஊன்றுங்கள்.