ஒரு ஃபோல்டருக்கு ஒரு சிங்க்: கிளவுட் மந்தம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ் போன்ற கிளவுட் சேவைகளின் ஃபோல்டரைக் கணினியில் திறந்தால் ஃபைல்கள் தெரியவே பல விநாடிகள் ஆகின்றன. ரைட் கிளிக் செய்தால் மெனு வரத் தாமதமாகிறது. எக்ஸெல் ஷீட்டை சேவ் செய்யும்போது ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று திரை வெளுத்துப்போகிறது. இந்தப் புகாரோடு போகிறவர்களுக்குக் கிடைக்கும் ஆலோசனைகள் அநேகமாக ஒரே மாதிரியானவை: நெட் பிளானை மாற்றுங்கள், ரேமைக் கூட்டுங்கள், ஃபார்மேட் அடியுங்கள். மூன்றுக்கும் செலவோ அலைச்சலோ உண்டு. மூன்றுமே கோளாறைத் தொடாமல் போகக்கூடும். மற்ற வேலைகளில் எல்லாம் நன்றாக ஓடும் கணினி கிளவுட் ஃபோல்டரில் மட்டும் திணறினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த ஃபோல்டரை ஒன்றுக்கு மேற்பட்ட மென்பொருள்கள் ஒரே நேரத்தில் கையாள்கின்றனவா? விண்டோஸ் கணினியை முன்வைத்து, இதைப் பற்றிப் பரவலாக இருக்கும் நம்பிக்கைகளைப் பரிசீலிப்போம்.

நம்பிக்கை 1: ஃபோல்டர் மெதுவாகத் திறந்தால் நெட் மெதுவாக இருக்கிறது

உண்மை: சிங்க் ஃபோல்டர் உங்கள் கணினியின் டிஸ்க்கிலேயே இருக்கும் ஃபோல்டர்தான். அதன் பிரதி சர்வரில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றுபோல வைத்திருப்பது பின்னணியில் ஓடும் மென்பொருளின் வேலை. 2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்த ‘ஃபைல்ஸ் ஆன்-டிமாண்ட்’ வசதிக்குப் பிறகு, இன்னும் இறக்கப்படாத ஃபைலுக்கும்கூடப் பெயர், அளவு, தேதி அடங்கிய சிறு அடையாளம் டிஸ்க்கில் இருக்கும். ஆகவே பட்டியலைக் காட்ட விண்டோஸுக்கு நெட் தேவையில்லை. இதைச் சோதிக்க வைஃபையை அணைத்துவிட்டு அதே ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அப்போதும் திணறினால் நெட் மீதான குற்றச்சாட்டு அங்கேயே தள்ளுபடியாகிறது. நெட்டுக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மேகக் குறி போட்ட ஃபைலை முதன்முறை திறக்கும்போதும், புகைப்படங்களின் சிறு உருவங்கள் வர வேண்டியிருக்கும்போதும், ஆயிரக்கணக்கான ஃபைல்களை முதலில் ஏற்றும்போதும் இணைப்பின் வேகம் நிச்சயம் முக்கியம். கூகுள் டிரைவை ‘ஸ்ட்ரீம்’ முறையில் வைத்திருப்பவர்களுக்கும் நெட்டின் பங்கு கூடுதல். ஆனால் ஃபைல் வந்து சேரத் தாமதமாவது ஒரு கோளாறு, ஃபோல்டர் திறக்கவே தாமதமாவது வேறொரு கோளாறு. இரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை மருந்து மாறிக்கொண்டேதான் இருக்கும்.

நம்பிக்கை 2: ஒரே ஃபோல்டரை இரண்டு சேவைகளில் சிங்க் செய்தால் இரட்டைப் பாதுகாப்பு

உண்மை: இரட்டிப்பாவது வேலைப்பளுவும் முரண்பாடும்தான். பலர் தெரியாமலேயே இந்த நிலைக்கு வந்துவிடுகிறார்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்றையும் ஒன்டிரைவின் பேக்கப் வசதி தன் ஃபோல்டருக்குள் இழுத்துக்கொள்ளும். அதே டாக்குமென்ட்ஸுக்குள் டிராப்பாக்ஸ் ஃபோல்டர் இருந்தாலோ, அதைக் கூகுள் டிரைவில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தாலோ, ஒரே இடத்துக்கு இரண்டு காவல்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். அப்போது நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஆட்டோசேவ் இல்லாத நிலையில் எக்ஸெலில் சேவ் கொடுத்தால், அது பழைய ஃபைலின் மீது நேரடியாக எழுதுவதில்லை. அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் புதிய ஃபைல் ஒன்றை உருவாக்கி, அதில் எழுதி முடித்து, பழையதை அகற்றி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. உங்களுக்கு அது ஒரு சேவ். சிங்க் மென்பொருளுக்கோ உருவாக்கம், நீக்கம், பெயர்மாற்றம் என்று பல நிகழ்வுகள். இரண்டு மென்பொருள்கள் இருந்தால் இரண்டுமே அத்தனையையும் கவனித்து, ஃபைலைத் திறந்து படித்து, மாறியிருக்கிறதா என்று கணக்கிட்டு, ஏற்றத் தொடங்கும். ஆன்டிவைரஸும் அதே நொடியில் அதே ஃபைலைப் பரிசோதிக்கும். ஒன்று திறந்து வைத்திருக்கும் ஃபைலை மற்றொன்றால் மாற்ற முடியாமல் மீண்டும் மீண்டும் முயலும். இரண்டாவது கணினியிலும் இதே அமைப்பு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு சேவை இறக்கிய ஃபைலை மற்றொரு சேவை புதிய மாற்றம் என்று எண்ணி மறுபடி ஏற்றும். ஒரே ஃபைல் கணினியின் பெயரோ ‘கான்ஃபிளிக்டட் காப்பி’ என்ற குறிப்போ ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்றாகப் பெருகும். டேலி டேட்டா, அவுட்லுக்கின் பி.எஸ்.டி. ஃபைல் போல நாள் முழுவதும் திறந்தே இருந்து மாறிக்கொண்டே இருப்பவை இந்தப் போட்டியில் சிக்கினால் மந்தத்தோடு நிற்காது; தரவே பழுதாகும் ஆபத்து உண்டு.

பாதுகாப்பு வாதத்துக்கும் நேராகப் பதில் சொல்ல வேண்டும். சிங்க் என்பது பேக்கப் அல்ல. தவறுதலாக ஒரு ஃபைலை நீக்கினால் அந்த நீக்கமும் இரண்டு சேவைகளுக்கும் போய்ச் சேரும். ரான்சம்வேர் பூட்டிய ஃபைலும் அப்படியே போகும். தனிநபர் ஒன்டிரைவிலும் இலவச டிராப்பாக்ஸிலும் நீக்கிய ஃபைலை மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அதைத் தாண்டியும் பாதுகாப்பு வேண்டுமென்றால் தேவை தனி பேக்கப். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 விதி பல ஆண்டுகளாகப் பரிந்துரைக்கப்படுவது இதற்காகத்தான். ஒரு சிங்க் சேவையோடு வாரம் ஒருமுறை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் எடுக்கும் பிரதி, ஒன்றோடொன்று மோதும் இரண்டு சிங்க் சேவைகளைவிட எத்தனையோ மேல்.

நம்பிக்கை 3: சிங்கை நிறுத்திவைக்கும் ‘பாஸ்’ கொடுத்துவிட்டால் சிங்க் மென்பொருள் குறுக்கிடாது, பச்சை டிக் இல்லையென்றால் சிங்க் ஆகவில்லை

உண்மை: ‘பாஸ்’ நிறுத்துவது ஏற்றுவதையும் இறக்குவதையும் மட்டுமே. ஃபைல் ஐகான்மீது டிக், மேகம், சுழலும் அம்பு ஆகியவற்றைக் காட்டுவதற்காகவும் ரைட் கிளிக் மெனுவில் தன் வரிகளைச் சேர்ப்பதற்காகவும் இந்த மென்பொருள்களின் ஒரு பகுதி விண்டோஸ் எக்ஸ்புளோரருக்குள்ளேயே ஓடுகிறது. ஃபோல்டரைத் திறக்கும்போது எக்ஸ்புளோரர் ஒவ்வொரு ஃபைலுக்கும், பதிவாகியிருக்கும் ஒவ்வொரு குறிக்காரரிடமும், இது உன்னுடையதா என்று கேட்டுப் பதில் பெற வேண்டும். பதில் சொல்ல ஒன்று தாமதித்தால் எக்ஸ்புளோரரும் காத்து நிற்கும். இந்தக் குறிகளுக்கு விண்டோஸில் மொத்தம் 15 இடங்கள்தான். அவற்றிலும் சில விண்டோஸுக்கே போய்விடும். டிராப்பாக்ஸ் 10 பெயர்களைப் பதிவு செய்கிறது, ஒன்டிரைவ் 7. யாருக்கு இடம் என்பது அகரவரிசைப்படி தீர்மானமாவதால், பட்டியலில் முந்திக்கொள்ள நிறுவனங்கள் தங்கள் பெயருக்கு முன் வெற்று இடைவெளிகளைச் சேர்த்தே பதிவு செய்கின்றன. ரெஜிஸ்ட்ரியில் ‘ஷெல் ஐகான் ஓவர்லே ஐடென்டிஃபையர்ஸ்’ என்ற பகுதியைத் திறந்தால் அந்த இடைவெளிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். இடம் கிடைக்காத மென்பொருளின் டிக் தெரியாது, ஆனால் சிங்க் ஒழுங்காக நடந்துகொண்டுதான் இருக்கும். அதைக் கோளாறு என்று நினைத்து மென்பொருளை மறுபடி மறுபடி நிறுவுவது வீண். டிக் இல்லை என்று பதறுவதைவிட, டாஸ்க்பாரில் இருக்கும் அந்தச் சேவையின் ஐகானைக் கிளிக் செய்து நிலையைப் படிப்பதே சரி.

நம்பிக்கை 4: புதிய எஸ்.எஸ்.டி. போட்டாலோ கிளீனர் ஓட்டினாலோ சரியாகிவிடும்

உண்மை: வேகமான டிஸ்க் இந்த மோதலைச் சற்று மறைக்கும், தீர்க்காது. ரெஜிஸ்ட்ரி கிளீனருக்கு எந்த ஃபோல்டரை எந்தச் சேவை ஆள்கிறது என்று தெரியவே தெரியாது. தேவைப்படுவது வரிசையான சோதனை. சிங்கில் இல்லாத ஒரு சாதாரண ஃபோல்டரைத் திறந்து வேகத்தை ஒப்பிடுங்கள். அதுவும் மெதுவாக இருந்தால் டிஸ்க்கையோ ஆன்டிவைரஸையோ பாருங்கள். கிளவுட் ஃபோல்டர் மட்டும் மெதுவாக இருந்தால், சேவைகளை ஒவ்வொன்றாக ‘குவிட்’ செய்து, டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி திறந்து பாருங்கள். ரிசோர்ஸ் மானிட்டரின் டிஸ்க் பகுதியில் எந்த மென்பொருள் எந்த ஃபைலை ஓயாமல் தொடுகிறது என்பது பெயரோடு தெரியும். குறிக்காரர்கள்மீது சந்தேகம் இருந்தால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘ஆட்டோரன்ஸ்’ கருவியில் ஒரு சேவையின் குறிகளை மட்டும் டிக் எடுத்துச் சோதிக்கலாம். பலன் இல்லையென்றால் திரும்ப வைத்துவிடலாம்.

இதற்கு எழும் மறுப்புகள் நியாயமானவை. பல வருடங்களாக இரண்டு சேவைகளை வைத்திருக்கிறோம், பிரச்சினையே இல்லை என்பார்கள் சிலர். உண்மைதான், இரண்டும் தனித்தனி ஃபோல்டர்களில் இருந்தால் பெரும்பாலும் மோதல் எழாது. அலுவலகம் ஒன்றையும் வாடிக்கையாளர் இன்னொன்றையும் கட்டாயப்படுத்தும்போது செய்ய வேண்டியதும் அதுதான்: ஒன்றின் ஃபோல்டர் மற்றொன்றின் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது. ஒரே சேவைதான் வைத்திருக்கிறோம், ஆனாலும் மெதுவாகத்தான் இருக்கிறது என்பார்கள் வேறு சிலர். அதுவும் நடக்கும். ஒன்டிரைவில் மொத்தம் 3,00,000 ஃபைல்களுக்கு மேல் சிங்க் செய்ய வேண்டாம் என்பது மைக்ரோசாஃப்டின் பரிந்துரை. ஒரு பெரிய வீடியோவைவிட ஆயிரம் சிறு ஃபைல்கள் அதிகச் சுமை. புரோகிராமர்களின் ‘நோட் மாட்யூல்ஸ்’ ஃபோல்டர் ஒன்றே பல்லாயிரம் சிறு ஃபைல்களைக் கொண்டுவரும். அத்தகையவற்றை சிங்குக்கு வெளியே வைப்பதுதான் வழி.

பிரிக்கும்போது மட்டும் அவசரம் கூடாது. வெளியே எடுக்கப்போகும் ஃபோல்டரை முதலில் ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ என்று குறித்து, எல்லா ஃபைல்களும் முழுமையாக இறங்கியதை உறுதிசெய்யுங்கள். பிறகு ஒரு பிரதியை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுங்கள். அதன் பின்னரே தேவையற்ற சேவையின் செட்டிங்ஸில் கணினியை ‘அன்லிங்க்’ செய்யுங்கள். அன்லிங்க் செய்வதற்கு முன் ஃபைல்களை டிலீட் செய்தால், சர்வரிலும் மற்ற கணினிகளிலும் அவை நீங்கிவிடும். எல்லாம் முடிந்தபின், வைத்திருக்கும் முக்கியமான ஃபோல்டர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் எந்தச் சேவை பார்த்துக்கொள்கிறது என்று எதிரே எழுதி வையுங்கள். எதிரே இரண்டு பெயர் வரும் ஃபோல்டர் இருந்தால் அடுத்து திணறப்போவது அதுதான். அதை இன்றே பிரித்துவிடுவது நல்லது.