தூரப் பயணத்துக்கு ஏற்ற மோட்டார் சைக்கிள் எது?



நம் கடற்கரை ஊர்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அபூர்வம். தூத்துக்குடிக்குக் கடைச் சரக்கு எடுக்கப் போகிறவர், ஜவுளி மூட்டையுடன் ஊர் ஊராகப் போகிறவர், வாப்பாவையோ உம்மாவையோ பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்கிறவர், காயல்பட்டினத்திலிருந்து கீழக்கரையில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர் என எல்லோருக்கும் அதுவே வாகனம். நாளுக்கு நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் நம்மில் பலர். ஆனால் அந்த வண்டி தன் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கியவர்கள் குறைவு.

வண்டியில் சுகம் பார்ப்பது ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். முதுகு வலித்தால் மனம் முதுகின் மேல் போகும். கை மரத்துப் போனால் பிரேக் பிடிப்பது ஒரு கணம் தாமதிக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குள் வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். நம் சாலைகளில் துறைமுகக் கண்டெய்னர் லாரிகளும் உப்பு லாரிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. அந்த ஒரு வினாடியில் ஒரு குடும்பமே ஆதரவற்றுப் போகலாம். ஆகவே இதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்வோம்.

1. உட்காரும் அமைப்பு

சீட், ஹேண்டில் பார், ஃபுட்ரெஸ்ட் ஆகிய மூன்றும் ஒரு முக்கோணம். உடம்பின் பாரம் இந்த மூன்றிலும் பங்காகி இறங்க வேண்டும். ஹேண்டில் தாழ்ந்து முன்னே தள்ளியிருக்கும் பந்தய பாணி வண்டியில் பாரம் மணிக்கட்டிலும் கழுத்திலும் விழும். கால்களை முன்னே நீட்டி வைக்கும் வண்டி, பார்க்கச் சொகுசாகத் தெரியும். ஆனால் அதில் பள்ளத்தின் அடி நேராக வால் எலும்பில் இறங்கும். கால் ஊன்றிச் சற்று எழும்பவும் முடியாது.

முதுகு நிமிர்ந்து, முழங்கை சற்று மடங்கி, பாதம் ஏறக்குறைய இடுப்புக்குக் கீழே ஊன்றியிருப்பதே தூரத்துக்கு ஏற்ற நிலை. வேகத்தடை வரும்போது கால் ஊன்றி அரை அங்குலம் எழும்பினாலே முதுகெலும்பு தப்பிக்கும். வண்டி நின்றிருக்கும்போது இரு பாதங்களும் தரையில் பதிகின்றனவா என்றும் பாருங்கள்.

2. சீட்

மெத்தென்ற சீட்டுதான் நல்லது என்று கடையில் அமுக்கிப் பார்த்து ஏமாறுகிறோம். மிக மென்மையான ஃபோம் அரை மணி நேரத்தில் அமுங்கிவிடும். பிறகு உட்காரும் எலும்புகள் அடித்தகட்டில் உட்கார்ந்தது போலாகிவிடும். ஓரளவு இறுக்கமான, பின்பக்கம் அகலமான சீட் முதலில் கடினமாகத் தெரிந்தாலும் இரண்டு மணி நேரம் கழித்தும் அப்படியே தாங்கும். முன்னோக்கிச் சரிந்த சீட் ஆளை டேங்கின் மேல் தள்ளிக்கொண்டே இருக்கும். சீட்டை நம் ஊர் சீட் கவர் கடையில் மாற்றி அமைக்கலாம்; இதற்காகப் புது வண்டி வாங்க வேண்டியதில்லை.

3. அதிர்வு

இதற்கு நம் மாநிலத்து உதாரணமே இருக்கிறது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. சென்னை திருவொற்றியூர் ஆலையிலிருந்து புல்லட் நாடெங்கும் போனது. 1940-களின் இறுதியில் வந்த புல்லட்டிலேயே பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் எனும் ஆடும் கை இருந்தது. அக்காலத்தில் பல வண்டிகளின் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பொருத்தப்பட்டிருந்தது. சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங் மட்டுமே ஆளைக் காத்தது. புல்லட் தூரப் பயண வண்டி என்று பெயரெடுக்க அந்த அமைப்பும் ஒரு காரணம்.

பழைய 346 சிசி புல்லட்டில் ஒரே சிலிண்டர். பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். கனமான ஃபிளைவீல் இருப்பதால் குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும். ஆனால் வேகம் கூடக் கூடக் கையும் காலும் அதிரும். 2020-ல் வந்த மீட்டியார் 350-ல் பேலன்ஸர் ஷாஃப்ட் எனும் எதிர் எடைத் தண்டைச் சேர்த்தார்கள். பிஸ்டன் ஒரு பக்கம் உதைக்கும்போது அந்தத் தண்டு எதிர்ப்பக்கம் சுழன்று அதிர்வை அடக்குகிறது. அதே வகை எஞ்சின் பிறகு கிளாசிக், புல்லட் ஆகியவற்றுக்கும் வந்தது.

நாம் அறிய வேண்டியது இதுதான்: எந்த வண்டிக்கும் அதிர்வு குறைந்த ஒரு வேகம் உண்டு. அதைக் கண்டுகொண்டு அந்த வேகத்திலேயே போனால் விரல் மரத்துப் போகாது. 100 சிசி வண்டியை எண்பதுக்கு மேல் முறுக்குகிறவர் வண்டியையும் தன் கையையும் சேர்த்தே வருத்துகிறார்.

4. ஷாக் அப்சார்பரும் டயர் காற்றும்

காசு செலவில்லாமல் கிடைக்கும் சுகம் இது. பல வண்டிகளில் பின் ஷாக் அப்சார்பரின் அடியில் படிப்படியாகத் திருகும் வளையம் இருக்கும். தனியாகப் போனால் தளர்த்தி, ஆளோ சுமையோ ஏறினால் இறுக்கி வைக்க வேண்டும். பெரும்பாலோர் ஷோரூமில் வைத்த படியை வண்டி விற்கும்வரை மாற்றுவதில்லை.

டயர் காற்றின் அளவு வண்டியோடு தரும் புத்தகத்தில் இருக்கும். தனியாக ஓட்ட ஓர் அளவு, இருவருக்கு வேறு அளவு. வண்டி ஓடிச் சூடாகும் முன்பே பாருங்கள். காற்று கூடினால் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும். குறைந்தால் வண்டி அலையும். டயர் சூடாகி வெடிக்கவும் கூடும்.

5. நம் கரையின் காற்றும் உப்பும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மலைக் கணவாய்கள் வழியே நம் மாவட்டத்தில் வேகமாக வீசும். நெல்லை நோக்கிப் போகும்போது அது எதிர்க்காற்று. தருவைக்குளம், வைப்பார், வேம்பார் வழியாகக் கீழக்கரை போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அது பக்கக் காற்று. எடை குறைந்த வண்டியில் அகலமான பெட்டி கட்டிப் போகிறவரை இது தள்ளும். லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும் கணத்தில் கவனம் வேண்டும்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். அறுபதிலிருந்து எண்பதுக்குப் போனால் தடை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகும். பெட்ரோல் செலவும் கழுத்து வலியும் அதற்கேற்பக் கூடும். மிச்சமாவது சில நிமிடங்கள்தான்.

உப்புக் காற்று செயினையும் ஷாக் அப்சார்பர் தண்டையும் அரிக்கும். தண்டு அரித்தால் ஆயில் கசிந்து வண்டி குதிக்கத் தொடங்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துச் செயினுக்கு ஆயில் விடுங்கள்.

6. பின்னால் உட்காருபவர்

ஓட்டுபவருக்கு மட்டும் சுகம் பார்ப்பது நியாயமல்ல. ஒரு பக்கமாகக் கால் தொங்கவிட்டு உட்காரும் நம் பெண்களுக்கு இடுப்பு முறுகி வலிக்கும். வண்டியின் சமநிலையும் ஒரு பக்கம் சாயும். தூரப் பயணத்துக்கு இருபுறமும் கால் போட்டு உட்காருவதே பாதுகாப்பு. கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகியவை மத்திய மோட்டார் வாகன விதிப்படியே இருக்க வேண்டியவை. அழகுக்காகத் தடுப்பைக் கழற்றாதீர்கள். புர்காவின் ஓரமோ துப்பட்டாவோ சக்கரத்திலும் செயினிலும் சுற்றினால் உயிருக்கே ஆபத்து. ஏறும்முன் துணியை மடித்துச் சொருகச் சொல்லுங்கள்.

பின்னால் ஒருவருக்கு மேல் சட்டம் அனுமதிக்கவில்லை. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் பட்டையும் அளவான ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

7. ஓட்டுபவரின் உடம்பு

எந்த வண்டியும் களைத்த உடம்பைச் சுமக்காது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். தொழுகை நேரங்களை ஒட்டிப் பயணத்தைப் பிரித்துக்கொண்டால் ஓய்வு தானாகவே அமைந்துவிடும். முகம் கழுவவும் கால் நீட்டவும் வசதி. வெயிலில் சட்டைக் கையைச் சுருட்டாமல் முழுக்கைப் பருத்தி அணியுங்கள். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். சர்க்கரை நோயாளிகள் சாப்பாட்டு நேரம் தப்பவிடாமல், சட்டைப் பையில் மிட்டாய் வைத்திருப்பது அவசியம். பின்னிரவு இரண்டு மணி முதல் ஸுப்ஹு வரையும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் தூக்கம் ஆளை அமுக்கும். கல்யாண வீட்டில் விழித்திருந்துவிட்டு அந்நேரம் கிளம்புவதை விட, தூங்கி எழுந்து வருவதே அறிவு.

வாங்கும் முன்

பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று கடன் வாங்கிப் பெரிய வண்டி எடுக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. புல்லட் 190 கிலோவுக்கு மேல். ஸ்ப்ளெண்டர் 112 கிலோ அளவு. கனமான வண்டி நெடுஞ்சாலையில் நிதானமாக நிற்கும். ஆனால் சந்துக்குள் தள்ளவும் சாய்ந்தால் தூக்கவும் உடம்பில் தெம்பு வேண்டும். தினமும் முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குச் சரியாகப் பராமரித்த சிறு வண்டியே போதும். நூறு கிலோமீட்டருக்கு மேல் அடிக்கடி போகிறவர், வசதி இருந்தால், 150 சிசிக்குக் குறையாத வண்டியைப் பார்க்கலாம். 2019 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ் பிரேக் கட்டாயமாக இருப்பதும் ஒரு நன்மை.

ஷோரூமில் பத்து நிமிடம் அசையாமல் அதன் மேல் உட்கார்ந்து பாருங்கள். பின்னால் உட்காரப் போகிறவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். முடிந்தால் அதே வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் வாங்கி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். இப்போதே வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வாரமே டயர் காற்று, ஷாக் அப்சார்பர் படி, செயின், பின்சக்கரத் தடுப்பு ஆகிய நான்கையும் பார்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலைதான்.

வீட்டில் நமக்காகக் காத்திருப்பவர்கள் நாம் சீக்கிரம் வருவதை விட, நலமாக வருவதையே விரும்புகிறார்கள். அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக.