ஓட்டின் துளையும் உடலின் பருமனும்

மும்பைக் கடற்கரையில் ஒதுங்கும் கிளிஞ்சல்களுள் சிலவற்றில் திருத்தமான வட்டத் துளை ஒன்று காணப்படும். இஃது அலையின் செயலன்று. ஊனுண்ணும் நத்தைகள் ஓட்டை இளக்கும் நீரைச் சுரந்து, பற்கள் நிரம்பிய நாவினால் அராவித் துளையிட்டு, உள்ளிருக்கும் சதையை உண்கின்றன. நாட்டிசிடே குடும்பத்து நத்தையின் துளை வாய் அகன்று உள்ளே குறுகும். மியூரிசிடே குடும்பத்ததன் துளை பெரும்பாலும் நேராக இருக்கும்.

துளையின் அகலம் நத்தையின் பருமனையும், ஓட்டின் நீளம் இரையின் பருமனையும் உணர்த்துகின்றன. ஆகவே, கொன்றது, கொல்லப்பட்டது ஆகிய இரண்டின் அளவையும் ஒரே ஓட்டிலிருந்து அறியலாம்.

ஓடு பெரிதாகித் தடித்தால் துளைப்பதற்குக் காலமும் உழைப்பும் மிகும். எனவே விரைந்து பெருத்தல் இரைக்குப் பாதுகாப்பாகும். அவ்வாறாயின், வேட்டை மிகுந்த யுகங்களில் இரைப்பிராணிகளும் பெருத்தனவா? 2017-இல் கிளோம்ப்மேக்கரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. ஆர்டோவீசியன் காலந்தொட்டுத் துளைகள் மிகவும் பெருத்துள்ளன. துளையுண்ட இரைகளின் பருமனோ ஏறக்குறைய மாறவில்லை. வேட்டையாடுவன வளர்ந்த அளவுக்கு இரை வளரவில்லை என்பது இதன் பொருள். இரை மலிந்ததும், அதன் ஊட்டம் மிகுந்ததும், வேட்டையாடுவனவே பிறவற்றுக்கு இரையானதும் காரணமாகலாம் என அவர்கள் கருதினர்.

பருமன் ஒன்றே அரண் அன்று. தடித்த ஓடு, முள், குறுகிய வாய் ஆகியன மெசோசோயிக் யுகத்தில் பெருகியதை 1977-இல் வெர்மேய் எடுத்துக்காட்டினார். மூன்று வயதில் பார்வை இழந்த அவர், ஓடுகளை விரல்களால் தடவியே ஆராய்பவர்.

மும்பையின் அடித்தளம் 6 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட தக்காண எரிமலைப் பாறையாதலால், அதில் பழங்காலக் கடல் ஓடுகளைத் தேடிப் பயனில்லை. ஆனால், ராஜமகேந்திரவரத்தில் அதே எரிமலைப் பாறையடுக்குகளின் கீழும் இடையிலும் கடற்படிவுகள் உள்ளன. அவற்றில் நத்தைகள் துளைத்த ஓடுகள் கிடைத்துள்ளன.

மாதுங்கா, தாராவிப் பள்ளி மாணவர்கள் அருகிலுள்ள மாஹிம், தாதர் கரைகளில் ஓடுகளைத் திரட்டி, நீளத்தையும் துளையின் அகலத்தையும் அளந்து பட்டியலிடலாம். கணக்கிடுகையில் ஒரு பிழையைத் தவிர்த்தல் வேண்டும். சிப்பிக்கு ஓடுகள் இரண்டு. கொல்வதற்குத் துளை ஒன்றே போதும். தனித்தனியே கிடைத்த 100 ஓடுகளில் 20 துளையுண்டிருந்தால், சிப்பிகள் 50 எனக் கொள்க. மாண்டவை நூற்றுக்கு 20 அல்ல, 40. துளையற்ற ஓடு தப்பிய உயிரினுடையது என்றும் கொள்ளலாகாது. நண்டு நொறுக்கிய ஓடு துளையின்றிச் சில்லாகவே கரை சேரும்.