யார் பெரியர்? விம்பிள்டன் வழக்கு ஒன்று

ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் இலண்டன் மாநகரின் தென்மேற்கிலுள்ள விம்பிள்டனில் நடைபெறும் டென்னிஸ் பந்தயங்களைக் காண விரும்பும் அன்பர் பலர், அனுமதிச்சீட்டின் பொருட்டு முந்திய இரவே அருகிலுள்ள பூங்காவிற் கூடாரமடித்துத் தங்குவர். விடியுமளவும் அவர்கட்குப் பொழுதுபோக்கு யாது? வாதமே. பெடரர் பெரியரா, நடால் பெரியரா, ஜோகோவிச் பெரியரா என்னும் வழக்குப் பல்லாண்டுகளாக அங்கு நடைபெற்று வந்துளது. ஆட்டக்காரர் களைத்து ஓய்ந்தாலும் அவர்தம் அபிமானிகள் ஓய்வதில்லை. இவ்வழக்கில் இரு திறத்தாரும் காட்டும் சான்றுகள் எத்துணை உறுதியுடையன என்பதைச் சிறிது ஆராய்வதே நாம் ஈண்டு மேற்கொண்ட பணி.

முதற்கண் கொணரப்படும் சான்று எண்ணிக்கை. ஆஸ்திரேலியா, பிரான்சு, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் பெரும் பந்தயங்களில் வென்ற ஒற்றையர் பட்டங்களைக் கணக்கிட்டு, பெடரருக்கு 20, நடாலுக்கு 22, ஜோகோவிச்சுக்கு 24 என்பர். இறுதியாகச் சொன்னவர் தம் 24ஆவது பட்டத்தை 2023ஆம் ஆண்டில் நியூயார்க்கில் வென்றார். ஆகவே வழக்குத் தீர்ந்தது என்பர் அவர் கட்சியார். கூட்டற் கணக்கினால் தீரும் வழக்காயின் ஓர் இரவு முழுதும் கண்விழிக்க வேண்டுவதில்லை. எதனைக் கூட்டுகின்றோம் என்பதை அறிந்த பின்னன்றோ கூட்டுதல் வேண்டும்?

இதனை விளக்க நாம் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட செய்தியொன்றை எடுத்துக்கொள்வோம். 1968க்கு முன், பொருள் பெற்று ஆடுவோரெனத் தம்மை வெளிப்படையாய்ப் பதிந்துகொண்ட தொழில்முறை ஆட்டக்காரர் எவரும் இந்நான்கு பந்தயங்களிற் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. அமெச்சூர் என்னும் பெயருடையார்க்கே அங்கு இடமிருந்தது. ஆஸ்திரேலியராகிய ராட் லேவர் 1962இல் நான்கு பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். வென்றபின் தொழில்முறையிற் புகுந்தார். புகவே, 1963 முதல் 1967 முடிய ஐந்தாண்டு, தம் இளமையின் நடுவே, வாயிற்கதவு அவருக்கு அடைபட்டது. கதவு திறந்தபின் 1969இல் மீண்டும் நான்கினையும் ஒருசேர வென்றார். அவர் கணக்கில் இன்று நிற்பன 11 பட்டங்களே. அவர் வெளியே நின்ற அவ்வைந்தாண்டுகளில் அவர் நாட்டினராகிய ராய் எமர்சன் 10 பட்டங்களை வென்றார். முன்னர்ப் பெற்ற இரண்டினோடு கூட்ட 12 ஆயிற்று. அப்பன்னிரண்டும் 2000ஆம் ஆண்டில் சாம்பிராஸ் விம்பிள்டனில் முறியடிக்குங்காறும் ஆடவர்க்குள் உச்சமாய் விளங்கின. எமர்சன் சிறந்த வீரர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் 12 பெரிது, 11 சிறிது என்று கூறி லேவரைக் கீழே இருத்தத் துணிவோர் உளரோ?

இவ்விருவரையும் நேரே எதிர்த்து அறிந்தவர் நம்மவர் ஒருவர் உண்டு. சென்னையிற் பயின்று உயர்ந்த ராமநாதன் கிருஷ்ணன் 1961இல் விம்பிள்டன் காலிறுதியில் எமர்சனை மூன்றே செட்டுகளில் வென்றார். அரையிறுதியில் லேவரிடம் தோற்றார். ஒரே வாரத்தில் இருவரையும் எதிர்த்தாடிய அவரைக் காட்டிலும் இவ்வழக்கிற்குத் தகுந்த சாட்சி வேறு யார்?

பான்சோ கான்சாலஸ் என்னும் அமெரிக்கர்க்கு நேர்ந்தது இதனினும் கொடிது. 1948, 1949 ஆகிய ஆண்டுகளில் தம் நாட்டுப் பட்டத்தை வென்றபின் தொழில்முறை மேற்கொண்ட அவர், 1968 வரை இப்பந்தயங்களில் ஆடவே இயலவில்லை. கணக்கில் அவருக்கு நிற்பன இரண்டு!

தொலைவும் கணக்கைக் கெடுத்தது. ஆஸ்திரேலியா செல்லும் பயணம் நெடிதாதலானும், அங்குப் பரிசுப்பொருள் குறைவாதலானும் முன்னாளில் ஐரோப்பிய அமெரிக்க வீரர் பலர் அப்பந்தயத்தைப் பொருட்படுத்தவில்லை. 1976 முதல் 1980 வரை விம்பிள்டனைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற போர்க், ஆஸ்திரேலியப் பட்டத்திற்கு ஆடியது ஒரே ஒருமுறை. பிரெஞ்சுக் களிமண் தரையில் நிகரற்றவராயிருந்த கிரிஸ் எவர்ட் அம்மையார், தம் ஆற்றல் உச்சியிலிருந்த 1976, 1977, 1978 ஆகிய மூன்றாண்டுகளிலும் அப்பந்தயத்தையே விடுத்துத் தம் நாட்டின் குழு ஆட்டங்களில் ஈடுபட்டார். பட்டங்களை எண்ணிக் காக்கவேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தார்க்கு இருந்ததில்லை. தாம் அறியாத தேர்வில் அவர்கட்கு இன்று நாம் மதிப்பெண் இடுகின்றோம்.

இக்காலத்து மூவர்க்கோ காலமே சில உதவிகளைச் செய்தது. 2001இல் விம்பிள்டன் புல்தரையில் ஒருவகைப் புல்லே விதைக்கப்படலாயிற்று. பந்து ஒழுங்காய் எழுந்து, எல்லைக்கோட்டினின்று ஆடுவோர்க்கும் வெற்றி எளிதாயிற்று. அவ்வாண்டிலேயே முன்வரிசையிற் குறிக்கப்படும் ஆட்டக்காரர் தொகை 16இலிருந்து 32 ஆயிற்று. ஆகவே பெருவீரர் முதலிரு சுற்றுகளில் தம்முள் மோதி வீழும் இடர் குறைந்தது. இவை அம்மூவரின் பெருமையைக் குறைப்பன என்று நாம் கூறவில்லை. 2002இல் 14 பட்டங்களோடு சாம்பிராஸ் ஓய்ந்தபோது எட்டொணாததாய்த் தோன்றிய அவ்வெண்ணை மூவரும் ஒருவர்பின் ஒருவராய்க் கடந்தமைக்கு இவையும் காரணமென்பதே கருத்து.

நிற்க. எண்ணிக்கையைக் கைவிட்டோர், நேருக்குநேர் ஆடிய கணக்கைக் காட்டுவர். நடால் பெடரரை 24 முறை வென்றார், 16 முறை தோற்றார். தெளிவான தீர்ப்பென்று தோன்றும். தரைவாரியாகப் பிரித்தால் களிமண்ணில் நடாலுக்கு 14, பெடரருக்கு 2. கடினத் தரையில் பெடரருக்கு 11, நடாலுக்கு 9. புல்லில் பெடரருக்கு 3, நடாலுக்கு 1. களிமண்ணில் இறுதி வரை சென்று தோற்றமையாலன்றோ பெடரருக்கு அத்தோல்விகள் நேர்ந்தன? முற்சுற்றுகளிலேயே வீழ்ந்திருப்பின் அவர் கணக்கு அழகாயிருந்திருக்கும். திறமையே குற்றமாகக் காட்டப்படும் விந்தை இது.

அங்ஙனமாயின் போட்டியினால் அறியத்தக்கது யாதுமில்லையோ எனின், உண்டு. அதனை வெற்றி தோல்விகளின் தொகையிற் காண்பது அரிது. எதிரியால் ஒருவர் எவ்வாறு மாறினார் என்பதில் அது காணப்படும். நடாலின் இடக்கையினின்று சுழன்று வரும் பந்து பெடரரின் பாக்ஹாண்டுப் பக்கம் தோளளவு எழும்பும். ஒரு கையால் அதனை அடித்தல் பெரும்பாடு. பன்னாட் தோல்விக்குப்பின் பெடரர் பழகிய மட்டையை விடுத்துப் பெரிய மட்டையை ஏற்றார். பந்து எழும் முன்னரே முன்சென்று தட்டையாய் அடிக்கப் பயின்றார். 35 வயதில், 2017 ஆஸ்திரேலிய இறுதியாட்டத்தில், ஐந்தாவது செட்டில் 1–3 எனப் பின்தங்கியிருந்து அவர் நடாலை வென்றது அப்பயிற்சியின் பயன். நடாலும் விம்பிள்டனில் 2006, 2007 ஆகிய ஈராண்டும் பெடரரிடம் இறுதியில் தோற்றுத் தம் சர்வீஸையும் நிற்கும் இடத்தையும் திருத்திக்கொண்டே 2008இல் மீண்டார். மழையால் தடைப்பட்டுத் தடைப்பட்டு இருள் சூழும் வேளையில் முடிந்த அவ்வாட்டம் 4 மணி 48 நிமிடம் நிகழ்ந்தது. நான்காம் செட்டில் பட்டத்திற்கு ஒரு பாயிண்டே குறைந்த நிலையில், எப்பக்கம் தமக்குக் குறையென்று உலகம் கூறிற்றோ அப்பாக்ஹாண்டினாலேயே பெடரர் கோட்டோரமாய் அடித்துத் தப்பினார். எனினும் இறுதிச் செட்டு 9–7 என நடாலுக்காயிற்று.

ஜோகோவிச்சைப் பற்றிய வழக்கு 2019ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் வந்து நிற்கும். அன்று பெடரர் 218 பாயிண்டுகள் பெற்றார், ஜோகோவிச் 204. பெடரர் 36 கேம்கள், ஜோகோவிச் 32. ஐந்தாம் செட்டில் 8–7 என முன்னின்று, தம் சர்வீஸில் 40–15 எனும் நிலையில், இரண்டு பாயிண்டுகளில் ஒன்று போதும். முதலாவதைப் பெடரரே வெளியே அடித்தார். இரண்டாவதில் முன்னேறி வந்தவரைக் கடந்து சென்றது ஜோகோவிச்சின் பந்து. 4 மணி 57 நிமிடத்திற்குப்பின் 13–12 என ஜோகோவிச் வென்றார். அரங்கில் பெரும்பாலோர் குரல் எதிரிக்கே எழுந்த அந்நாளில், டை-பிரேக்கர் மூன்று வந்தன, மூன்றும் அவருடையன. அதிகம் பெற்றவர் தோற்றார், வேண்டும்போது பெற்றவர் வென்றார். இதனை நல்லூழ் என்பர் ஒரு சாரார். மூன்று முறையும் ஒருவர் பக்கமே வரும் ஊழுக்கு நாம் வேறு பெயரிட விரும்புகின்றோம். அவ்வாறே, 37 வயது நிரம்பிய ஒருவர் அவ்வளவு நேரம் அவரினும் மிகுதியாய்ப் பாயிண்டு பெற்றதையும் தோல்வி என்ற ஒரு சொல்லுள் அடக்க மனம் வரவில்லை.

2022 செப்டம்பரில் இலண்டனிலேயே பெடரர் தம் இறுதி ஆட்டத்தை ஆடினார். அது இரட்டையர் ஆட்டம். உடனாடத் தாமே விரும்பிப் பெற்றவர் நடால். தோற்றனர். ஆட்டம் முடிந்தபின் இருவரும் அருகருகே அமர்ந்து கண்ணீர் விட்டனர். ஒருவர் கை மற்றவர் கையைப் பற்றியிருந்தது. அருகே குழுவினருடன் ஜோகோவிச்சும் இருந்தார்.