முன்தோலின் அடி நாண் கிழிந்தால்: பதறாமல் செய்ய வேண்டியவை

கல்யாணமான புதிதில், உறவின்போது சுருக்கென்று ஒரு வலி, பிறகு வேட்டியெல்லாம் ரத்தம். 'நரம்பு அறுந்துவிட்டது, இனி அவ்வளவுதான்' என்று நடுங்கிப்போய், யாரிடமும் சொல்லாமல் நாள்களைத் தள்ளும் இளைஞர்கள் நம்மிடையே நிறைய. அறுந்தது நரம்பு அல்ல. ஆணுறுப்பின் அடிப்பக்கத்தில் மொட்டையும் முன்தோலின் உட்புறத்தையும் இணைக்கும் மெல்லிய தோல் நாண் அது. மருத்துவர்கள் ஃப்ரெனுலம் என்பார்கள். நாக்கைத் தூக்கினால் அடியில் ஒரு நாண் தெரியுமே, அதே மாதிரி அமைப்பு. இதனுள் ஒரு சிறு தமனி ஓடுகிறது, அதனால்தான் சின்னக் கிழிசலுக்கும் ரத்தம் இவ்வளவு வருகிறது. ஆண்மைக்கும் குழந்தைப்பேற்றுக்கும் இந்தக் காயத்தால் எந்தப் பங்கமும் இல்லை.

கிழிந்தவுடன் உட்காருங்கள் அல்லது படுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான துணியையோ காஸ் துணியையோ காயத்தின் மேல் வைத்து, இரண்டு விரலால் அழுத்திப் பிடியுங்கள். குறைந்தது 10 நிமிடம், இடையில் எடுத்துப் பார்க்காமல். பலரும் தவறுவது இங்கேதான். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை துணியை எடுத்தால், உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி கசியும். நிற்கவில்லையென்றால் இன்னொரு 10 நிமிடம் அழுத்துங்கள். அப்போதும் நிற்காவிட்டால், நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஒன்றிரண்டு தையலில் முடிகிற வேலைதான். நூலோ ரப்பர் பேண்டோ போட்டு இறுக்கிக் கட்டவே கூடாது.

ரத்தம் நின்றதும் முன்தோலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பின்னால் தள்ளியபடியே விட்டால் வீங்கி, மொட்டை இறுக்கிக்கொள்ளும். அப்படி மாட்டிக்கொண்ட தோல் திரும்ப வரவில்லையென்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்த நாள்களில் காயத்துக்கு வெறும் தண்ணீர் போதும். தினம் ஒருமுறை மெல்லக் கழுவி, ஒற்றித் துடையுங்கள். டெட்டால், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் அங்கே வேண்டாம், மென்மையான அந்தத் தோலைப் புண்ணாக்கிவிடும். உள்ளாடையில் ஒட்டுகிறதென்றால் வாசலைன் மெல்லியதாகத் தடவலாம். மேலே ஆறினதுபோல் ஒரு வாரத்திலேயே தெரியும், அதை நம்பாதீர்கள். உறவும் சுய இன்பமும் இரண்டு மூன்று வாரம் வேண்டாம். அவசரப்பட்டால் அதே இடம் திரும்பக் கிழியும். திரும்பத் திரும்பக் கிழிந்தால் தழும்பு விழுந்து நாண் இன்னும் குட்டையாகும், குட்டையானது இன்னும் சுலபமாகக் கிழியும்.

மீண்டும் தொடங்கும்போது நிதானம் வேண்டும். மனைவிக்கு ஈரப்பசை வருமுன் அவசரப்படுவதுதான் பெரும்பாலும் காரணம், அது அவருக்கும் வலிதான். மருந்துக்கடையில் நீர் சார்ந்த லூப்ரிகன்ட் கிடைக்கும். ஆணுறை அணிபவர்கள் தேங்காய் எண்ணெயையும் வாசலைனையும் லூப்ரிகன்ட்டாகப் பயன்படுத்தக் கூடாது, ரப்பர் பலவீனமாகிக் கிழிந்துவிடும்.

நாண் இயல்பிலேயே குட்டையா என்று குளிக்கும்போது பார்க்கலாம். முன்தோலை மெல்லப் பின்னுக்கு இழுக்கையில் மொட்டு கீழ்நோக்கி வளைந்தால், அல்லது விறைப்பின்போது அடியில் இழுத்து வலித்தால், குட்டை என்று கொள்ளலாம். வலிக்காதவரை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. முன்தோல் நீக்கியவர்களில் சிலருக்கு நாண் இருக்கும், சிலருக்கு இருக்காது. இரண்டும் இயல்பே. சிறு பையன்களின் முன்தோலை மட்டும் பெற்றோர் பலவந்தமாகப் பின்னுக்குத் தள்ளிக் கழுவ வேண்டாம், அது தானாகப் பிரிய வருடங்கள் ஆகும்.

சில காயங்களை வெறும் கிழிசல் என்று விட்டுவிடக் கூடாது. காரணமில்லாமல் முன்தோலில் வெடிப்பும் அரிப்பும் அடிக்கடி வந்தால் முதலில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். நீரிழிவு இப்படித்தான் சிலரிடம் முதலில் தலைகாட்டுகிறது. தோல் வெளுத்துத் தடித்தாலும், வலியே இல்லாத புண் வந்தாலும் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போங்கள். வலியில்லாத புண் சிஃபிலிஸாக இருக்கலாம். எச்ஐவி தொற்று இருக்கக்கூடியவருடன் பாதுகாப்பில்லாத உறவில் கிழிந்திருந்தால், தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது.

வெட்கத்தால் மருத்துவர்களிடம் போகாமல், லாட்ஜில் அறை எடுத்து 'ஆண்மைக் குறைவு' விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். நாண் அடிக்கடி கிழிந்தால் சிறுநீரகவியல் மருத்துவரோ பொது அறுவை நிபுணரோ போதும். மரத்துப்போக ஊசி போட்டு, நாணைக் குறுக்கே வெட்டி, நெடுக்குவாக்கில் தைப்பார்கள், நீளம் கூடிவிடும். முன்தோலை எடுக்க வேண்டிய அவசியம் எல்லோருக்கும் வராது. அன்றைக்கே வீடு திரும்பலாம். தையல் தானாகக் கரையும். அதன்பின் நான்கு முதல் ஆறு வாரம் உறவு கூடாது. இதை மனைவியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.